சராசரி இருபத்தைந்து டிகிரி

'குளிர்ந்த, உலர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும்' என்று ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடித்து விற்ற கம்பெனியில், அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் எம்.டி. உட்கார்ந்திருந்தார்.

முருங்கை இலை, மஞ்சள், சுருள்பாசி என்று பச்சையும் மஞ்சளுமாகப் பொடித்து, தாவர நாரில் செய்த கேப்ஸ்யூல் கூட்டுக்குள் அடைத்து, டப்பாவுக்கு அறுபதாகப் போட்டு விற்கிற கம்பெனி அது. அடைத்து மூடிய டப்பாக்கள் லாரி ஏறும்வரை ஸ்டோரில் காத்திருக்கும். ஸ்டோருக்குத் தகரக் கூரை. மேற்கே பார்த்த ஜன்னல். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இலை உலர்த்தும் அடுப்பு. காலையில் அடுப்பு காய்ச்சும், மத்தியானம் கூரை காய்ச்சும், சாயங்காலம் ஜன்னல் தன் பங்குக்குக் காய்ச்சும். ஒரே ஒரு மின்விசிறி இருந்தது. சூடு ஒரே மூலையில் தேங்கிவிடாமல் எல்லோருக்கும் சமமாகப் போய்ச்சேர அது உதவியது.

அந்த ஸ்டோரைப் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றார்கள். அவளைவிட வயதில் பெரிய மிஷின்காரரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம். அதற்குள் அவள் பதினோரு கடிதம் எழுதியிருந்தாள். பதினொன்றிலும் ஒரே வாக்கியம்: 'ஸ்டோர் அறையில் வெப்பம் மிக அதிகமாக இருப்பதால், பொருட்களின் நலன் கருதி, குளிர்சாதன வசதி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' முதல் மூன்றுக்குப் பதில் வரவில்லை. நாலாவதில் 'பார்க்கலாம்' என்று எம்.டி. எழுதினார். ஏழாவதில் 'நேர்மறையாகச் சிந்திக்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அக்கா நேர்மறையாகச் சிந்தித்து, கடையில் ஒரு வெப்பமானி வாங்கி வந்து ஆணியில் மாட்டினாள். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் அது காட்டியதை ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, முப்பத்தேழு.

எம்.டி., கம்பெனியைத் தொடங்கியவரின் மருமகன். ஒரே மகளைக் கட்டியவர். மாமனார் வேலையில் சேர்ப்பதையும் நீக்குவதையும் மட்டும் தன் கையெழுத்தில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவரிடம் விட்டிருந்தார். மற்றது எல்லாவற்றிலும் எம்.டி.க்கு மிகவும் பிடித்தது உரை நிகழ்த்துவது. கேப்ஸ்யூலை எப்படிப் பாதுகாப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். 'உங்கள் கேப்ஸ்யூல், உங்கள் பொறுப்பு' என்று ஒரு கையேடு போட்டிருந்தார். முன் அட்டையில் அவர் படம், பின் அட்டையில் அதே படம் சற்றுப் பெரிதாக. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள் என்று பன்னிரண்டு விதிகள். கையேட்டுக் கட்டுகளும் ஸ்டோரில்தான் இருந்தன, அடுப்புச் சுவரோரம். அட்டையின் பசை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

போன வருஷம் வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வாங்கும் ஒரு கம்பெனி, "ஸ்டோரின் வெப்பமும் ஈரப்பதமும் இராப்பகலாகப் பதிவாக வேண்டும்" என்று நிபந்தனை போட்டது. அதற்கென்று ஒரு கருவி வந்தது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகக் குறித்துக்கொள்ளும். எம்.டி. அதைக் கையில் ஏந்தி ஸ்டோர் வாசல்வரை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பின்வாங்கினார்.

"இவ்வளவு சூட்டுலயா இத வைக்கறது? கெட்டுப் போயிடாது?"

"சூடு எவ்வளவுன்னு பாக்கத்தானே சார் அது வந்திருக்கு?" என்றாள் அக்கா.

"அக்கா, இது நாசூக்கான சாமான். தூசி, சூடு எல்லாம் ஆகாது. எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்த இடம் அவருடைய அறை. கட்டடம் முழுவதிலும் ஏசி இருந்த ஒரே அறை. பாராட்டுக் கேடயங்கள் வைத்த அலமாரியின் மேல் தட்டில், வெந்நீர் கெட்டிலுக்குப் பக்கத்தில், கருவி குடியேறியது. மாதம் பிறந்தால் அது கணக்கிட்டுச் சொல்லும் சராசரியை மட்டும் எடுத்து, இருபத்தைந்து டிகிரி என்று வெளிநாட்டுக்கு அனுப்புவார்.

"லேபிள்ல என்ன போட்டிருக்கோம்? இருபத்தஞ்சு. மெஷின் என்ன சொல்லுது? இருபத்தஞ்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த நோட்டு ஒண்ணு வெச்சிருக்கேன் சார். அதுல..."

"கையால எழுதினதெல்லாம் டேட்டா இல்ல அக்கா. மெஷின் எழுதினாத்தான் டேட்டா."

இப்படி ஒரு வருஷம் ஓடியது. பிறகு வெளிநாட்டிலிருந்து நானூறு டப்பா சுருள்பாசி திரும்பி வந்தது.

மிஷின்காரர் ஒரு டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். எதுவும் விழவில்லை. அடியில் தட்டினார். அறுபது கேப்ஸ்யூலும் ஒரே உருண்டையாக 'தொப்'பென்று மேஜையில் விழுந்தது. பச்சை போய்ச் சேற்று நிறம்.

"அறுபது வேளைக்கு உண்டானத ஒரே வேளையா முழுங்கிடலாம். நேரம் மிச்சம்," என்றார் மிஷின்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. இந்தச் சரக்கு யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஒரு பெண் வருவதாகக் கடிதம் வந்தது. மாமனாரும் கூட உட்காருவார் என்றார்கள். எம்.டி. சுறுசுறுப்பானார். முதலில் அக்காவின் பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். 'பொருட்களைக் கவனக்குறைவாகவும் ஈரக் கையாலும் கையாண்டு பாழாக்கிய காரணத்தால்' என்று இருந்தது. மாமனார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிறகு, விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஸ்டூல் போட்டு ஏறி அலமாரியிலிருந்து கருவியைத் தன் கையாலேயே எடுத்துவந்து, ஸ்டோர்ச் சுவரில் மாட்டினார். தூசியைப் பற்றிய கவலை அன்றைக்கு அவருக்கு இல்லை.

"இது எப்பவும் இங்கதான் இருந்துச்சு. என்ன?" என்றார், அக்காவையும் மிஷின்காரரையும் பார்த்து.

மிஷின்காரர் மின்விசிறியைப் பார்த்தார். அவருக்கும் வீடு வாசல் உண்டு.

எம்.டி. போனபிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நாளைக்கு உண்மையச் சொல்லிடுங்க."

"நீங்க சாட்சி சொல்வீங்களா அண்ணே?"

"நான் மனசுக்குள்ள சொல்வேன்."

ஸ்டோரில் சரக்கைப் பாழாக்கியவள் என்று கடிதத்தோடு வெளியே போனால், ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த ஸ்டோரின் சாவியை யார் கையில் கொடுப்பார்கள்? அக்கா அன்று வீட்டுக்குப் போகும்போது நோட்டைப் பையில் எடுத்துக்கொண்டாள். டேட்டா இல்லாவிட்டாலும் துணைக்கு இருக்கட்டும்.

மறுநாள் காலை எம்.டி.யின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மாமனார், பக்கத்தில் எம்.டி.; எதிரே தரம் பார்க்க வந்த பெண், முப்பது வயது இருக்கும், பேச்சைவிடப் பேனா அதிகமாக ஓடுகிற ஆள்; கதவோரம் அக்கா. மாமனாரின் சட்டைப்பையில் பணிநீக்கக் கடிதம் எட்டிப் பார்த்தது.

மாமனாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர் மருமகனை ஒருமையில் பேசியதில்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதையும் ஏறும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எம்.டி. மட்டும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சுருக்கமாச் சொல்லிடறேன்," என்று எம்.டி. எழுந்து நின்றார். சுருக்கமாகச் சொல்ல அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது. கையேட்டின் பன்னிரண்டு விதிகளையும் சொன்னார். "ஆக, நம்ம ஸ்டோர் சராசரி இருபத்தஞ்சு டிகிரி. மெஷினே சொல்லுது. ஸ்டோர்ல தப்பில்லன்னா, கையாண்டவங்க கையிலதான் தப்பு."

"சராசரி வந்துட்டே இருந்தது சார்," என்றாள் அந்தப் பெண். "எனக்கு முழுப் பதிவும் வேணும்."

"தாராளமா!" எம்.டி. கருவியைக் கணினியில் செருகினார். தயக்கமே இல்லை. ஒரு வருஷமாக அந்தப் பதிவை அவரும் பார்த்ததில்லை. சராசரி ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சுவரில் வெளிச்சத்திரை விரிந்தது. அதில் ஒரு கோடு, ஏறியும் இறங்கியும் ஏறியும் இறங்கியும், பல்வரிசை கோணிய வாய்போலச் சிரித்தது.

அந்தப் பெண் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"ராத்திரியெல்லாம் இருபத்தேழு. காலையில பதினொன்றரைக்கு இறங்க ஆரம்பிக்குது. உங்க ஸ்டோர் பதினொன்றரைக்குத்தான் திறப்பீங்களா?"

"எட்டு மணிக்கே திறந்துடுவேன் மேடம்," என்றாள் அக்கா.

"ஒரு மணிக்கு ஏறுது. ரெண்டு மணிக்கு இறங்குது, அதுவும் சடார்னு பதினெட்டுக்கு. நாலு மணிவரைக்கும் பதினெட்டுதான். தினமும். இது என்ன, ரெண்டுலேருந்து நாலு?"

எம்.டி. தண்ணீர் குடித்தார். மாமனார் திரையைப் பார்த்தார். பிறகு அறையின் மூலையில் கிடந்த நீள சோபாவைப் பார்த்தார். அதன் ஒரு முனையில் தலையணை இருந்தது.

"ஸ்டோர்ல மத்தியானம் நல்லாக் காத்து வரும்," என்றார் எம்.டி.

"பதினெட்டு டிகிரிக்கா?"

"ஜன்னல் இருக்குல்ல?"

"நாலு மணிக்கு ஈரப்பதம் குப்புனு ஏறுது," என்று அந்தப் பெண் இன்னொரு கோட்டைக் காட்டினாள். "தினமும் நாலு மணிக்கு. ஸ்டோர்ல அப்ப யாராவது குளிக்கறாங்களா?"

அலமாரியின் மேல் தட்டில் கெட்டில் பளபளத்தது. பக்கத்தில் கேடயங்களுக்கு நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகச் சுத்தமாக இருந்தது. மாமனார் அதையும் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை," என்றார் சாந்தமாக. "நம்ம ஸ்டோர்ல எப்ப ஏசி போட்டீங்க?"

"இல்ல மாமா... போடணும்னு ஒரு திட்டம்..."

"இல்ல, பதினெட்டு டிகிரின்னு வருதே, அதுக்காகக் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தப் பெண்ணுக்குக் குடும்ப விவகாரம் எதுவும் தெரியாது. அவள் கோட்டை மட்டும் படித்தாள். "இங்க பாருங்க, ஒன்பது நாள். ஒன்பது நாளும் இறக்கமே இல்ல. இருபத்தேழு, இருபத்தெட்டு, நேர்க்கோடு. அப்ப ஃபாக்டரி லீவா?"

மாமனார் தேதியைப் படிக்கக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அது உங்க அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம்ங்க மாப்பிள்ளை. ஃபாக்டரியில ராத்திரி பகலா வேலை, இந்த ரூமை விட்டு நகர முடியலைன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. நானும் உங்க அத்தைகிட்ட, பாவம் மாப்பிள்ளை, உழைச்சு உருகறாருன்னு சொல்லிட்டிருந்தேனுங்க." 'ங்க'வுக்கு மேல் 'ங்க'வாக வந்து விழுந்தது. "ஒன்பது நாளும் ஏசி கூடப் போட்டுக்காம உழைச்சிருக்கீங்க போல."

எம்.டி.யின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அறை அப்போதும் பதினெட்டு டிகிரியில்தான் இருந்தது.

இப்போது அவருக்கு இரண்டே வழி. கருவி தன் அறையில் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் ஸ்டோருக்குப் பதிவே இல்லை, வெளிநாட்டுக்கு ஒரு வருஷம் போனது பொய். ஸ்டோரில்தான் இருந்தது என்று நின்றால், ஸ்டோரில் தினமும் இரண்டிலிருந்து நாலுவரை யாரோ ஏசி போட்டுத் தூங்கியிருக்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்து மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்.

"கருவில கோளாறு மாமா. மட்டமான சாமான்."

"அப்படியா?" அந்தப் பெண் கோட்டின் கடைசி முனைக்குப் போனாள். "நேத்து சாயங்காலம் அஞ்சு மணி. இருபதுல இருந்தது, அரை மணியில முப்பத்தேழுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சுக்குக் கீழ இறங்கவே இல்ல. நேத்து அஞ்சு மணிக்கு என்ன நடந்துச்சு?"

எம்.டி. அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டலும் கெஞ்சலும் சரிபாதி இருந்தது. சராசரி எடுத்தால் எதுவுமில்லை.

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"நேத்து அஞ்சு மணிக்கு என் வெப்பமானி முப்பத்தேழு காட்டுச்சு மேடம். எழுதி வெச்சிருக்கேன். அப்பத்தான் உங்க மெஷின் ஸ்டோருக்குக் குடிவந்துச்சு. வந்ததும் அதுவும் முப்பத்தேழுன்னு சொல்லிடுச்சு. அதுல ஒரு கோளாறும் இல்ல. அதுவரைக்கும் அது இருந்த இடம்தான் வேற."

அந்தப் பெண் நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் 'விடுமுறை, பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதை நான் ஒரு பிரதி எடுத்துக்கலாமா?"

"இது டேட்டா இல்லையாமே மேடம்," என்றாள் அக்கா.

"யார் சொன்னது?"

மாமனார் எழுந்தார். "வாங்க, ஸ்டோரைப் பாத்துட்டு வந்துடலாம்."

நாலு பேரும் போனார்கள். உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிஷத்தில் மாமனார் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அந்தப் பெண் அடுப்புச் சுவரில் கை வைத்து எடுத்தாள். கையேட்டுக் கட்டிலிருந்து ஒன்றை மாமனார் உருவினார். ஏழெட்டு சேர்ந்து வந்தது. மேலே இருந்த அட்டையில் எம்.டி.யின் சிரிப்பு உப்பி, வெளுத்து, இன்னொரு எம்.டி.யின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்," என்று மாமனார் சத்தமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை."

தரம் பார்க்க வந்த பெண்ணின் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. நானூறு டப்பாவும் கழிவு. ஸ்டோரைச் சரிசெய்ய முப்பது நாள். அதுவரை மிச்சமுள்ள சரக்கு முழுவதும் கட்டடத்தில் குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கே இருக்க வேண்டும்.

"அப்படி ஒரு இடம்தானே இருக்கு," என்றார் மாமனார். "மாப்பிள்ளை, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, உங்க மேஜையை முப்பது நாளைக்கு ஸ்டோர்ல போட்டுக்கலாமாங்க? உழைக்கறவருக்கு எங்க இருந்தா என்ன?"

சாயங்காலத்துக்குள் இடமாற்றம் முடிந்தது. கேப்ஸ்யூல் டப்பாக்கள் எம்.டி. அறையின் அலமாரியிலும் நீள சோபாவிலும் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டன. மேஜை, நாற்காலி, கேடயங்கள் ஸ்டோருக்குப் போயின. மிஷின்காரர் மேஜையின் ஒரு முனையைத் தூக்கிவந்து, எங்கே போடட்டும் என்று கேட்டார். "ஜன்னலோரம் வேண்டாம். அடுப்புப் பக்கமும் வேண்டாம்," என்றார் எம்.டி. கையேட்டின் முதல் இரண்டு விதிகளை அவர் கடைப்பிடித்தது அன்றுதான். விதிகளைக் கடைப்பிடித்தால் ஸ்டோரில் மேஜை போட இடமே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மாமனார் காரில் ஏறப்போகும்போது சட்டைப்பையில் கைவிட்டார். கடிதம் வந்தது. அதைக் கிழித்துவிடுவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவர் கிழிக்கவில்லை.

"இதக் கிழிச்சா மாப்பிள்ளைக்கு மரியாதையா இருக்காதும்மா. ஆயிரம் இருந்தாலும் வீட்டு மாப்பிள்ளை. கையெழுத்துப் போடல, போடவும் மாட்டேன். நீயே பத்திரமா வை."

"எங்கங்க வைக்கறது?"

"குளிர்ந்த, உலர்ந்த இடமாப் பாத்து வை," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் நாள் எம்.டி. கோட்டைக் கழற்றினார். இரண்டாம் நாள் கழுத்துப்பட்டி போனது. மூன்றாம் நாள் கையேட்டால் விசிறிக்கொண்டே மூன்று மணிவரை உட்கார்ந்து பார்த்தார். தூக்கம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. நாலாம் நாள் காலை அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார். ஸ்டோரின் பொறுப்பாளர் என்ற முறையில், எம்.டி. அவர்களுக்கு, ஒரு கடிதம் எழுதினார்: 'ஸ்டோர் அறையில் வெப்பம் மிக அதிகமாக இருப்பதால், பொருட்களின் நலன் கருதி, குளிர்சாதன வசதி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எழுதி முடித்து, தாளைத் தன் பக்கம் திருப்பி, எம்.டி. என்ற முறையில் படித்துப் பார்த்தார். கோரிக்கை நியாயமானதாகப் பட்டது. 'அவசரம். உடனே அனுமதிக்கப்படுகிறது' என்று கையெழுத்துப் போட்டார். மொத்தம் பத்து நிமிஷம். ஐந்தாம் நாள் ஆட்கள் சுவரில் ஓட்டை போட்டார்கள். ஜன்னலை அடைத்தார்கள். அடுப்பைக் கட்டடத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள்.

"பதினாலு வருஷம் கேப்ஸ்யூலை உள்ள வெச்சுப் பாத்தோம், ஒண்ணும் நடக்கல," என்றார் மிஷின்காரர். "முதல்லயே இவரை உள்ள வெச்சிருக்கணும் அக்கா."

"அன்னைக்கு மனசுக்குள்ள சாட்சி சொன்னீங்களே அண்ணே, கேட்டுச்சு," என்றாள் அக்கா. மிஷின்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மிஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

திறப்பு விழாவில் எம்.டி. ரிப்பன் வெட்டினார். பொருட்களின் நலனில் தனக்கு எப்போதும் இருந்துவந்த அக்கறையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். வாசலில் அவர் பெயர் பொறித்த பலகை பதித்தார்கள். முப்பது நாள் முடிந்ததும் அவர் தன் அறைக்குத் திரும்பினார். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறை மறுபடியும் பதினெட்டு டிகிரிக்கு இறங்கியது. இந்தமுறை அதை எந்தக் கருவியும் குறித்துக்கொள்ளவில்லை.

கருவி ஸ்டோர்ச் சுவரில் இருந்தது, அக்கா தன் கையால் நாலு திருகாணி போட்டு முடுக்கியபடி. பக்கத்தில் ஆணியில் பழைய வெப்பமானி. மூன்று வேளையும் இரண்டையும் பார்த்து அவள் நோட்டில் எழுதினாள். இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்துநாலு.

ஒருநாள் ஓய்வாக இருந்தபோது கடிதக் கோப்பை எடுத்தாள். தன் பதினோரு கடிதங்களுக்கு அடியில் எம்.டி. எழுதியதை வைத்து, மூலையில் பன்னிரண்டு என்று எண் போட்டாள். கையெழுத்துப் போடாத அந்தக் கடிதம் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்டோருக்குள் வரும் எந்தச் சாமானையும் லேபிள் ஒட்டாமல் அவள் வைத்ததில்லை. ஒரு லேபிளை எடுத்தாள்.

பொருள்: பணிநீக்கக் கடிதம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று, பிரிக்கப்படாதது. காலாவதி நாள் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ஆறு வருஷம் தள்ளி, தான் ஓய்வு பெறும் தேதியை எழுதினாள். லேபிளை ஒட்டி, காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் உள்ளே நழுவவிட்டு, வெளிச்சம் படாத மேல் தட்டில் வைத்துப் பூட்டினாள்.